சேவல், பூனை, கிராமபோன் ஊசி

பாட்டு முழுக்க ஒரு கிராமபோனைப் பற்றி. ஊசி இருக்கிறது, தட்டு இருக்கிறது, தட்டுக்கு நடுவே துளை இருக்கிறது, முறுக்கிவிட வேண்டிய ஸ்பிரிங் இருக்கிறது. யாரோ ரிப்பேர் கடைக்காரர் தன் தொழிலைப் பற்றிப் பாடுகிறார் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே கேட்பீர்கள். கொஞ்ச நேரத்தில் உறைக்கும். ஆசாமி கிராமபோனைப் பற்றிப் பாடவே இல்லை.

1936-ல் பதிவான இந்தப் பாட்டின் பெயர் 'தட் நாஸ்டி ஸ்விங்'. பாடியவர் கிளிஃப் கார்லைல். கேள்விப்பட்டதே இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அமெரிக்காவிலேயே பழைய ரெக்கார்டுப் பைத்தியங்களைத் தவிர வேறு யாரிடம் இந்தப் பெயரைச் சொன்னாலும் 'யாரது?' என்றுதான் கேட்பார்கள்.

அதே 1936 நவம்பரில், டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரத்தில், ராபர்ட் ஜான்சன் என்கிற கறுப்பின இளைஞர் ஏறக்குறைய இதே கிராமபோன் உவமையை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஜான்சன் இன்றைக்கு ப்ளூஸ் இசையின் தெய்வம். 1994-ல் அமெரிக்காவில் அவருக்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். அவரைப் பற்றி எழுதாத இசை விமர்சகர் கிடையாது. கார்லைலோ வெள்ளைக்காரர். பெயருக்கு முன்னால் 'ஹில்பில்லி' என்று ஒரு பட்டம் வேறு. ஒருத்தர் பாடினால் ஆன்மாவின் ஓலம், இன்னொருத்தர் அதையே பாடினால் பட்டிக்காட்டுக் கொச்சை. ஜான்சனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பெரிய கலைஞர்தான். ஆனால் கார்லைலைக் கேட்காமலே ஒதுக்கிவைத்தது கொஞ்சம் ஓரவஞ்சனை.

ஹில்பில்லி என்றால் மலைக்காட்டான். கேலிப் பெயர்தான். 1925-ல் ஒரு கோஷ்டி வேடிக்கையாகத் தங்களுக்கு 'தி ஹில் பில்லீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ரெக்கார்டு கொடுத்தது. கம்பெனிக்காரர்கள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். தென்மாநில வெள்ளைக்காரர்களின் நாட்டுப்பாட்டு அத்தனைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கறுப்பர்கள் பாடினால் 'ரேஸ் ரெக்கார்டு'. தனி கேட்லாக், தனி வரிசை எண், தனி விளம்பரம். பாட்டுக்கும் சாதி பிரித்து வைத்தார்கள்.

பிரித்தவர்களே குழம்பியதுதான் தமாஷ். சட்டனூகா நகரத்து ஆலன் சகோதரர்கள் வெள்ளையர்கள். கொலம்பியா கம்பெனி 1920-களின் கடைசியில் அவர்களுடைய ரெக்கார்டு ஒன்றை கறுப்பர் வரிசையில் வெளியிட்டுவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் 2,50,000 டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவோம் என்று குதித்தார்கள். கடைசியில் கம்பெனி மாறிப் போனார்கள். அவமானம் என்று நினைத்தார்கள் பாருங்கள்! காதால் கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கார்லைல் கென்டக்கி மாநிலத்துக் கிராமத்துப் பிள்ளை. 1900-களின் ஆரம்பத்தில் பிறந்தவர். இள வயதில் அவரைப் பிடித்து ஆட்டியது ஊர்ப் பாட்டு மட்டுமல்ல, பசிபிக் சமுத்திரத்துக்கு நடுவில் இருக்கிற ஹவாய்த் தீவின் கிடார். 1915-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய் இசைக்காரர்கள் வாசித்தார்கள். அதற்கப்புறம் அமெரிக்கா முழுக்க ஹவாய் ஜுரம். கிடாரை மடியில் படுக்கப் போட்டு, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்து, தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். நம்ம கோட்டுவாத்தியக்காரர்கள் வாசிப்பதைப் பார்த்திருந்தால் இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து பொந்தெல்லாம் கேட்கும்.

1927, 28 வாக்கில் இந்தக் கிடாரின் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பை வைத்து சத்தத்தைப் பெருக்கினார்கள். டோப்ரோ என்று பெயர். கரண்ட் இல்லாமலே கணீரென்று கேட்கும். ஹில்பில்லி ரெக்கார்டுகளில் அந்த வாத்தியத்தை முதன்முதலில் கொண்டுவந்த சிலரில் கார்லைலும் ஒருவர்.

(ஓர் இடைச்செருகல். இதே ஹவாய்க் கிடார் கல்கத்தாவுக்கும் வந்தது. டாவ் மோ என்கிற ஹவாய்க் கலைஞர் 1940-களில் குடும்பத்தோடு அங்கே தங்கி ஹோட்டல்களில் வாசித்தார். பிற்பாடு பிரிஜ் பூஷன் காப்ரா அந்த வாத்தியத்தில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் 1994-ல் கிராமி விருதே வாங்கினார். கென்டக்கிக்குப் போனதும் கல்கத்தாவுக்கு வந்ததும் ஒரே தீவுச் சரக்குதான்.)

கிடார் சரி, குரல்? அந்தக் காலத்தில் தென்மாநிலங்களில் பாடப்போகிறவனுக்கு ஒரே குருநாதர், ஜிம்மி ரோஜர்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்த காசநோயாளி. ப்ளூஸ் பாட்டுக்கு நடுவில் குரலை உடைத்து 'யோடல்' பண்ணுவார். யோடல் என்றால் கிஷோர் குமார் ஹிந்திப் பாட்டில் திடீரென்று குரலை மாடிக்கு ஏற்றி இறக்குவாரே, அதுதான். கிஷோருக்கே ரோஜர்ஸ் ரெக்கார்டுகளைக் கேட்டுத்தான் அந்த வித்தை வந்தது என்று சொல்வார்கள். 1933-ல் முப்பத்தைந்தே வயதில் ரோஜர்ஸ் போய்ச் சேர்வதற்குள் அவரைப் பார்த்து நூறு பேர் கிளம்பிவிட்டார்கள். பின்னாளில் சினிமாவில் குதிரை மேல் உட்கார்ந்து ரொம்ப நல்ல பிள்ளையாகப் பாடிய ஜீன் ஆட்ரிகூட முதலில் ரோஜர்ஸ் நகல்தான். நல்ல பிள்ளை பாடக்கூடாத சில பாட்டுகளையும் பாடியிருக்கிறார்.

கார்லைலும் ரோஜர்ஸ் நகலாகத்தான் ஆரம்பித்தார். வில்பர் பால் என்கிற கூட்டாளியோடு கூடாரக் காட்சிகள், லூயிவில் நகரத்து டபிள்யூஹெச்ஏஎஸ் ரேடியோ, 1930-ல் ஜென்னட் கம்பெனிக்கு முதல் ரெக்கார்டு. மறு வருஷம் ஜூனில் ரோஜர்ஸே லூயிவிலுக்கு ரெக்கார்டிங்குக்கு வந்தபோது அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற பாக்கியமும் கிடைத்தது.

ஆனால் நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் உண்டு. ரோஜர்ஸின் குரலில் எப்போதும் ஒரு சோர்வு. 'சரி, விடு, என்ன பண்றது' என்கிற மாதிரி பாடுவார். கார்லைலின் குரலில் கண்சிமிட்டல். மூக்கால் பாடுகிற, வழவழவென்ற குரல். முக்கியமான விஷயம், வரி முடிகிற இடத்தில் டோப்ரோ வந்து பதில் சொல்லும். சொல்ல வேண்டியதைப் பாட்டு பாதியில் நிறுத்தும். மீதியைக் கிடார் இழுத்து, வழுக்கி, சிரித்துச் சொல்லும். எந்த சென்சார்காரரும் கிடாரின் மேல் கை வைக்க முடியாது.

இனி கொஞ்சம் கணக்கு. பி.காம். படித்தவனால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

1927-ல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் ரெக்கார்டு விற்றது. 1932-ல் அறுபது லட்சம். அறுபது கோடி இல்லை, லட்சம்! பொருளாதார மந்தம் ஒரு பக்கம், ரேடியோ இன்னொரு பக்கம் கம்பெனிகளைச் சாப்பிட்டுவிட்டன. ரேடியோ வாங்கிவிட்டால் பாட்டு இலவசம். அப்புறம் எவன் 75 சென்ட் கொடுத்து ரெக்கார்டு வாங்குவான்? அப்போது அமெரிக்கன் ரெக்கார்டு கார்ப்பரேஷன் என்கிற கம்பெனி ஒரு வேலை செய்தது. ஒரே பாட்டை நாலைந்து லேபிளில் அச்சடித்து, சோப்பு சீப்பு விற்கிற சில்லறைக் கடைகளில் 25 சென்டுக்குப் போட்டது. சியர்ஸ் ரோபக்கின் தபால் கேட்லாக்குக்கு இன்னொரு லேபிள். கார்லைல் இந்தக் கம்பெனிக்குத்தான் நிறையப் பாடினார். பாடகருக்கு ஒரு பெயரா, ரெண்டு பெயரா என்பதைக்கூட அந்தக் காலத்துக் கம்பெனிகள் லேபிளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளும்.

சரி, இலவச ரேடியோவோடு 25 சென்ட் ரெக்கார்டு எப்படிப் போட்டி போடுவது? ரேடியோவில் கிடைக்காததை விற்க வேண்டும். 1927-ம் வருஷத்து ரேடியோ சட்டம், ஆபாசமான பேச்சை ஒலிபரப்பக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ரெக்கார்டுக்கு அப்படி ஒரு வாத்தியார் கிடையாது. மனுஷன் காலையில் ரேடியோவில் அம்மாவைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் பாடலாம். ரெக்கார்டில் சேவலைப் பற்றிப் பாடலாம். 1933 டிசம்பரில் மதுவிலக்கும் நீங்கியது. பார்கள் திறந்தன. காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் வந்தது. அந்த இடத்தில் அம்மா பாட்டுக்கு யாரும் காசு போடுவதில்லை. கார்லைலின் பச்சைப் பாட்டுகளுக்கு அவருடைய குணத்தில் காரணம் தேடுகிறவர்கள் இந்தச் சந்தைக் கணக்கையும் பார்த்தால் நல்லது என்பது என் கட்சி.

பாட்டுகளுக்கு வருவோம். 'ஷாங்காய் ரூஸ்டர் யோடல்' ஒரு சேவல் பாட்டு. 'டாம் கேட் ப்ளூஸ்' ஒரு கடுவன் பூனைப் பாட்டு. இரண்டிலும் ஆம்பிளையின் வீரதீரம்தான் விஷயம். ஆனால் கவனியுங்கள், புலி, சிங்கம் என்று ஒன்றுமே இல்லை. குப்பைமேட்டுச் சேவல். ராத்திரியில் சுவர் ஏறித் திரிகிற திருட்டுப் பூனை. பீற்றிக்கொள்கிறவனே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறான். சேவல் பாட்டில் அந்த யோடல் வருகிற இடம் இருக்கிறதே, கொண்டையை ஆட்டிக்கொண்டு கூரை மேல் ஏறி நிற்கிற மாதிரியே இருக்கும். ரோஜர்ஸிடம் யோடல் அழுகை. கார்லைல் அதைக் கொக்கரக்கோ ஆக்கிவிட்டார். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

'எ வைல்ட் கேட் உமன் அண்ட் எ டாம் கேட் மேன்', 'பே டே ஃபைட்' இரண்டும் புருஷன் பெண்டாட்டி சண்டைப் பாட்டு. பின்னது சம்பள நாள் சண்டை. மந்த காலத்தில், சம்பளக் கவர் வீட்டுக்கு முழுசாக வந்து சேராத வீடுகளில் இது சிரிப்புப் பாட்டா, செய்தியறிக்கையா என்று சொல்வது கஷ்டம். இதில் அடிதடி இருக்கிறது. இன்றைக்குக் கேட்கும்போது சில இடங்களில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைவிட நெருடலானது 1933-ல் வந்த 'மௌஸஸ் இயர் ப்ளூஸ்'. ஒரு பெண்ணின் கன்னிமையைப் பற்றி ஓர் ஆள் அடிக்கிற தம்பட்டம். ரெக்கார்டு சேகரிப்பவர்கள் நடுவே இதற்கு ஏகப்பட்ட கிராக்கி. 'அந்தக் காலத்திலேயே என்ன துணிச்சல் பாருங்க!' என்பார்கள். எனக்கு இது அவருடைய மோசமான பாட்டுகளில் ஒன்றாகத்தான் படுகிறது. ஒழுக்கப் பிரச்னையை விடுங்கள், கலையாகவே தேறவில்லை. கிராமபோன் பாட்டில் ஊசிக்குப் பெண்ணும் தட்டுக்கு ஆணும் பதில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு சம விளையாட்டு இருக்கிறது. இரண்டு பேருக்கும் அதில் பங்கு உண்டு. சேவல் பாட்டில் கேலி தன் மேலேயே திரும்புகிறது. எலிக்காதுப் பாட்டில் கேலி அந்தப் பெண்ணின் தலையில் போய் விழுகிறது. கிடார்கூட இதில் கண்சிமிட்டவில்லை. பச்சையாகப் பாடுவதில் நல்லது கெட்டது உண்டு. துணிச்சல் என்கிற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

கார்லைல் தனி ஆள் இல்லை. 1928-ல் டாம்ப்பா ரெட், ஜார்ஜியா டாம் என்கிற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் 'இட்ஸ் டைட் லைக் தட்' என்று ஒரு பாட்டைக் கொண்டுவந்து சக்கைப்போடு போட்டார்கள். இரட்டை அர்த்தப் பாட்டுக்கு ஒரு அலையே கிளம்பியது. அந்த ஜார்ஜியா டாமின் நிஜப் பெயர் தாமஸ் டார்ஸி. நாலே வருஷத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்து, பிற்பாடு அமெரிக்கத் தேவாலயங்களெல்லாம் பாடுகிற பக்திப் பாட்டை எழுதி, 'காஸ்பல் இசையின் தந்தை' ஆனார். இரண்டும் ஒரே வாய்.

ஜிம்மி டேவிஸ் கதை இன்னும் பிரமாதம். லூசியானாக்காரர். 1930-களின் ஆரம்பத்தில் கார்லைலுக்குக் கொஞ்சமும் சளைக்காமல் பச்சைப் பாட்டுகளாகப் பாடித் தள்ளினார். ஆஸ்கர் வுட்ஸ், எட் ஷாஃபர் என்கிற கறுப்பின ஸ்லைடு கிடார்க்காரர்கள் அவருக்கு வாசித்தார்கள். அந்த ஊரில் அந்த வருஷத்தில் அது சின்ன விஷயம் இல்லை. 1940-ல் 'யூ ஆர் மை சன்ஷைன்' பாடி ஊரறிந்தவர் ஆனார். 1944-ல் லூசியானா மாநில கவர்னர் தேர்தலில் நின்றார். எதிர்க்கட்சி முகாம் அவருடைய பழைய ரெக்கார்டுகளைத் தேடி எடுத்துக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்களாம், ஜனங்கள் காறித் துப்புவார்கள் என்று. ஜனங்கள் எழுந்து ஆடினார்களாம்! டேவிஸ் ஜெயித்தார். கதையை இத்தோடு நிறுத்தினால் இனிமை. ஆனால் 1960-ல் அவர் இரண்டாம் தடவை கவர்னரானது, கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூடாது என்கிற கொள்கையோடு. ஆஸ்கர் வுட்ஸின் கிடாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய அதே மனிதர். 101 வயதுவரை இருந்து 2000-ல் இறந்தார்.

இந்த டேவிஸ் மாதிரி கார்லைலுக்குப் பதவியும் வரவில்லை, பழியும் வரவில்லை. 1930-களின் கடைசிவரை நிறையப் பாடினார். பிறகு குறைந்தது. 1950-களிலேயே ஏறக்குறைய ஒதுங்கிவிட்டார். 1983-ல் மறைந்தார். தம்பி பில் கார்லைல்தான் மேடையில் குதித்துக் குதித்துப் பாடி 'ஜம்ப்பிங் பில்' என்று பேர் வாங்கி, 2002-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். அண்ணனுக்கு உயிரோடிருந்தவரை அந்தக் கதவு திறக்கவில்லை. தொழில் சொல்லிக்கொடுத்தது அண்ணன்.

மறந்துபோனவரை மீட்டவர்கள் என்று பார்த்தால், முதலில் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். ஜெர்மனியிலிருந்து சிறுவனாக வந்து, 1960-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ஹூலி என்கிற குட்டிக் கம்பெனி ஆரம்பித்த மனுஷன். அவருடைய ஓல்ட் டைமி லேபிளில் கார்லைலுக்கு இரண்டு எல்பி வந்தது. 1977-ல் நிக் டாஷஸ் என்கிற எழுத்தாளர் கன்ட்ரி இசையின் கள்ளத்தனமான பக்கங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் கார்லைலுக்குப் பெரிய நாற்காலி போட்டுக் கொடுத்தார். 1996-ல் ஆர்ஹூலி ஒரு சிடி. 2004-ல் இங்கிலாந்திலிருந்து ஜேஎஸ்பி கம்பெனி நாலு சிடி கொண்ட பெட்டி.

ஏன் இங்கிலாந்திலிருந்து? அங்கே அப்போது ஒலிப்பதிவு உரிமைக்கு 50 வருஷம்தான் ஆயுசு. 1930-களின் பாட்டு யார் வேண்டுமானாலும் போடலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. 2018-ல் வந்த சட்டப்படி, 1930-ல் வெளிவந்த கார்லைலின் முதல் ரெக்கார்டுகள் அங்கே பொதுச்சொத்தாகப் போவது 2031 ஜனவரி 1-ம் தேதிதான். சொந்த நாட்டுப் பாட்டு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆனது இப்படித்தான்.

இந்த மறுவெளியீடுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. பழைய ரெக்கார்டை யார் வைத்திருந்தார்களோ, அவர்களுக்குப் பிடித்ததுதான் நமக்குக் கிடைக்கும். சேகரிப்பவர்களுக்குப் பிடித்தது ப்ளூஸ், யோடல், டோப்ரோ, பச்சைப் பாட்டு. ஆர்ஹூலி சிடியின் தலைப்பே 'ப்ளூஸ் யோடலர், ஸ்டீல் கிடார் மாயாவி' என்கிற தினுசில்தான் இருக்கும். ஆனால் கார்லைல் பக்திப் பாட்டு பாடினார். ரயில் ஏறிப் பிழைப்பு தேடுகிறவர்களைப் பற்றிப் பாடினார். அழுமூஞ்சி குடும்பப் பாட்டுகளும் பாடினார். சின்னப் பையனாக இருந்த மகன் டாமியைக் கூட நிறுத்திவைத்துப் பாடினார். ஒரே சிடியில் பச்சைப் பாட்டாகப் பொறுக்கி வைத்தால், ஆள் ஏதோ பேட்டை விடலை மாதிரி தெரிகிறார். ஜேஎஸ்பி பெட்டியில் எல்லாம் கலந்து வருவதால் அது தேவலை. நாலு சிடி அலுக்காதா? அலுக்கும். அம்மா பாட்டுகளில் பாதி அலுக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அலுப்புக்கு நடுவில் திடீரென்று சேவல் கூவும்போதுதான் 1932-ல் சில்லறைக் கடையில் அதை வாங்கிக்கொண்டு போனவனுக்கு என்ன சந்தோஷம் கிடைத்திருக்கும் என்று புரிகிறது.

இந்தப் பாட்டுகள் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். அந்தக் காலத்து ரெக்கார்டு ஷெல்லாக்கில் செய்தது. ஷெல்லாக் என்றால் அரக்கு. உலகத்துக்கு அதைப் பெரும்பாலும் அனுப்பியது சோட்டா நாக்பூர் காடுகள். கார்லைலின் சேவல் கூவியது நம்ம ஊர்ப் பூச்சி கக்கிய அரக்கில். 1942-ல் யுத்தம் வந்து கப்பல் தட்டுப்பாடானதும் அமெரிக்க அரசாங்கம் ரெக்கார்டுக்கான ஷெல்லாக்கைக் கடுமையாக வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால் உருக்கிப் புதிய தட்டு. எத்தனை பாட்டு அப்படிக் கரைந்ததோ! நாம் கேட்கிற சரசரப்புச் சத்தம், உடையாமல் உருகாமல் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த தட்டின் சத்தம்.

கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் பச்சைப் பாட்டுக்குப் போகாதீர்கள். 1939-ல் அவர் பதிவு செய்த 'பிளாக் ஜாக் டேவிட்'டில் ஆரம்பியுங்கள். பணக்காரப் புருஷன், மெத்தை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு நாடோடியின் பின்னால் போய்விடுகிற பெண்ணின் கதை. ஸ்காட்லாந்துப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த பழைய கதைப்பாட்டு. 1992-ல் பாப் டிலன்கூட ஒரு ஆல்பத்தில் பாடினார். கார்லைல் அதை எந்தக் கண்சிமிட்டலும் இல்லாமல், பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் 'டாம் கேட் ப்ளூஸ்'. அதற்கும் அப்புறம் சேவல்.

கடைசியாக அந்த கிராமபோன் பாட்டு. ஹெட்போன் இருந்தால் உத்தமம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் ரெக்கார்டு பிளேயர் விளம்பரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.